பதினைந்து தலைமுறை காணும் சுறாமீன்

உங்கள் குடும்பத்து முன்னோர்களில் எத்தனை பேருடைய பெயர்களை உங்களால் தடையின்றிச் சொல்ல முடியும்? தந்தையார், பாட்டனார், பாட்டனாரின் தந்தையார் என்று மூன்று நான்கு பெயர்கள் வரும். அதற்கு மேல் நினைவு தடுமாறும். ஊர்ப் பெரியவர் எவரையேனும் கேட்டால் இன்னும் ஒன்றிரண்டு பெயர்கள் கிடைக்கலாம். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் நம்முடைய நினைவின் எல்லை முடிந்துவிடுகிறது.

வட அட்லாண்டிக் கடலின் இருண்ட ஆழத்தில் ஒரு மீன் வாழ்கிறது. நம்மில் பதினைந்து தலைமுறைகள் பிறந்து, வளர்ந்து, மறைந்துபோகும் காலத்தை அது ஒற்றை ஆயுளில் வாழ்ந்து முடிக்கிறது! அதன் பெயர் கிரீன்லாந்துச் சுறா. முதுகெலும்புள்ள உயிரினங்கள் என்று நாம் அறிந்தவற்றுள், மனிதன், யானை, ஆமை, திமிங்கிலம் உட்பட, இதைவிட நெடுங்காலம் வாழ்வது வேறொன்றுமில்லை. நீண்ட ஆயுளுக்குப் பேர்போன ராட்சத ஆமைகள் இருநூறு ஆண்டை எட்டினாலே பெருஞ்செய்தியாகிறது. வடதுருவக் கடலில் வாழும் வில்தலைத் திமிங்கிலம் இருநூறு ஆண்டுகளைச் சற்றே கடந்து வாழக்கூடியது. இந்தச் சுறாவுக்கோ இருநூறு என்பது நடுவயது!

பார்ப்பதற்கு இது அழகான மீன் அன்று. சேற்று நிறத்தில், உருளைக்கட்டை போன்ற தடித்த உடல், மழுங்கிய மூக்கு, உடலுக்குப் பொருந்தாத சிறிய துடுப்புகள். ஐந்து மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. எடை ஒரு டன்னைத் தொடும். இதன் அறிவியற் பெயர் சோம்னியோசஸ் மைக்ரோசெபாலஸ். முதற்சொல் தூக்கத்தையும் இரண்டாவது சொல் சிறிய தலையையும் குறிக்கின்றன. ‘சிறுதலைத் தூங்குமூஞ்சி’ என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பெயரை முதன்முதலில் அச்சேற்றிய நூல் 1801-ஆம் ஆண்டு வெளிவந்தது. மார்க்கஸ் பிளாக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் தொடங்கி, அவர் 1799-இல் மறைந்தபின் ஷ்னைடர் என்பவர் முடித்த பெரும் மீன் நூல் அது. அதே பிளாக்குக்கு நம் தரங்கம்பாடியிலிருந்தும் மீன்கள் போயின என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அங்கே பாதிரியாராக இருந்த ஜான் என்பவர் சோழ மண்டலக் கடலின் மீன்களைப் பதப்படுத்திக் கப்பலேற்றி அனுப்பினார். நாம் கத்தாளை என்று வாங்கிச் சமைக்கும் மீன்களில் ஒரு பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ என்று அவர் பெயரையே பிளாக் சூட்டினார். தரங்கம்பாடி அப்போது டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. கிரீன்லாந்தும் அதே மன்னரின் ஆட்சியில்தான் இருந்தது! பனிக்கடலுக்கும் நம் வங்கக் கரைக்கும் அன்று அப்படியொரு தொடர்பு. தரங்கம்பாடியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. அதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

வயதைக் கண்டறிந்த விதம்

சுறாவும் திருக்கையும் உளுவையும் குருத்தெலும்பு மீன்கள். நம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் தொட்டால் வளைகிறதே, அதுதான் குருத்தெலும்பு. இந்த மீன்களின் எலும்புக்கூடு முழுவதும் அதனால் ஆனது. மற்ற மீன்களின் வயதை அறிய ஆராய்ச்சியாளர்களிடம் எளிய வழி ஒன்று இருக்கிறது. அவற்றின் தலைக்குள் இருக்கும் சிறு காதுக்கல்லை எடுத்து அறுத்துப் பார்த்தால், மரத்தை வெட்டினால் தெரியும் வளையங்கள் போல ஆண்டு வளையங்கள் தெரியும். எண்ணிவிட வேண்டியதுதான். சுறாக்களில் அத்தகைய கல் இல்லை. சில சுறாக்களின் முதுகெலும்புக் கண்ணிகளில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து வளையங்கள் தோன்றும். சிலவற்றின் முதுகுத் துடுப்பில் முள் இருக்கும். அதிலும் வளையங்கள் காணப்படும். கிரீன்லாந்துச் சுறாவுக்கு இரண்டும் இல்லை. அதன் கண்ணிகள் மிக மென்மையானவை, முள்ளும் கிடையாது. உடம்பில் எங்கு தேடினாலும் எண்ணிப் பார்க்க ஒரு கோடுகூட அகப்படாது.

ஆனாலும் இந்த மீன் வயதில் மூத்தது என்னும் ஐயம் ஆராய்ச்சியாளர்களுக்கு வெகுகாலமாகவே இருந்துவந்தது. பால் ஹான்சன் என்னும் டேனிஷ் ஆய்வாளர் 1936-ஆம் ஆண்டு முதல் கிரீன்லாந்துக் கடலில் பிடிபட்ட சுறாக்களை அளந்து, அடையாள வில்லை மாட்டி, மறுபடியும் கடலில் விட்டார். அவற்றுள் ஒன்று பதினாறு ஆண்டுகள் கழித்து 1952-இல் மீண்டும் பிடிபட்டது. அளந்து பார்த்தார்கள். பதினாறு ஆண்டுகளில் அது வளர்ந்திருந்த நீளம் 8 சென்டிமீட்டர்! ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர். நம் கைவிரல் நகம் இரண்டே மாதத்தில் இதைவிட அதிகமாக வளர்ந்துவிடும். ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர் வளரும் மீன் ஐந்து மீட்டர் நீளத்தை எட்டியிருக்கிறதென்றால், அதன் வயது என்னவாக இருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கணக்கு மலைக்க வைத்தது; ஆனால் ஒரே ஒரு மீனை வைத்து முடிவு கூற யாரும் துணியவில்லை. மெய்ப்பிக்கும் வழி தெரிய அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அந்த வழி சுறாவின் கண்ணில் இருந்தது. நம் கண்ணிலும் சுறாவின் கண்ணிலும் ஒளியைக் குவிக்கும் கண்வில்லை உண்டு. அது வெங்காயம் போலப் படலம் படலமாக அமைந்தது. நடுவிலுள்ள உட்கரு தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. நம் உடலில் தோலும் இரத்தமும் தசையும் ஓயாமல் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. கண்வில்லையின் உட்கருவோ பிறந்தபோது இருந்தபடியே இறுதிவரை இருக்கும். பிறந்த காலத்துக் கடல்நீரிலும் உணவிலும் இருந்த கரியின் சுவடு அதற்குள் பூட்டிவைத்தது போலக் கிடக்கிறது. கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரியின் அளவைக் கொண்டு பழைய பொருள்களின் காலத்தை அறியும் முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொல்பொருள் ஆய்வாளர்கள் கரித்துண்டுக்கும் மரத்துண்டுக்கும் செய்யும் அதே சோதனையைச் சுறாவின் கண்வில்லைக்குச் செய்தால் என்ன?

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியஸ் நீல்சனும் அவருடைய தோழர்களும் அதைத்தான் செய்தார்கள். கிரீன்லாந்துக் கடலில் 2010 முதல் 2013 வரை கிடைத்த 28 பெண் சுறாக்களின் கண்கள் ஆராயப்பட்டன. இங்கே மனிதகுலத்தின் கொடுமை ஒன்று அறிவியலுக்குக் கைகொடுத்த விந்தையைக் கவனியுங்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் போட்டி போட்டுக்கொண்டு வான்வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 திடீரென்று பெருகிற்று. பின்னர் கடலுக்குள் இறங்கி, கடல் உயிர்கள் அனைத்தின் உடலிலும் சேர்ந்தது. ஆகவே அந்தச் சுவடு கண்வில்லையின் உட்கருவில் இருந்தால், அந்தச் சுறா 1960-ஐ ஒட்டியோ அதன் பிறகோ பிறந்தது என்று பொருள். மிகச் சிறிய சில சுறாக்களில் மட்டுமே அந்தச் சுவடு தென்பட்டது. இரண்டரை மீட்டர், மூன்று மீட்டர் நீளமுள்ளவை எல்லாம் அணுகுண்டுக் காலத்துக்கு முற்பட்டவை!

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகள் வெளியாயின. 28 சுறாக்களில் மிகப் பெரியது 5 மீட்டர் 2 சென்டிமீட்டர் நீளம். அதன் வயது ஏறத்தாழ 392. கணக்கீட்டில் முன்பின் 120 ஆண்டுகள் வேறுபடலாம் என்றும் அவர்கள் நேர்மையாகக் குறிப்பிட்டார்கள். அதாவது, எவ்வளவு குறைத்து மதிப்பிட்டாலும் 272 ஆண்டுகள். கூட்டிப் பார்த்தால் ஐந்நூறையும் தாண்டும். பலரும் ‘512 வயதுச் சுறா’ என்று பரபரப்பாக எழுதிவிட்டார்கள். அது மேல் எல்லையே தவிர வயதன்று. 272 என்ற கீழ் எல்லையை மட்டும் எடுத்துக்கொண்டாலும், வேறெந்த முதுகெலும்பு உயிரும் அதை எட்டியதாகச் சான்றில்லை.

தரங்கம்பாடியைப் பற்றி ஒரு செய்தி சொல்வதாகக் கூறினேன் அல்லவா? தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர்கள் அங்கே கோட்டை கட்டியது 1620-ஆம் ஆண்டில். 392 என்ற கணக்குப்படி அந்தச் சுறா பிறந்ததும் அதே காலத்தை ஒட்டித்தான். முகலாய அரசை அப்போது ஜஹாங்கீர் ஆண்டுகொண்டிருந்தார். தாஜ்மகாலுக்கு இன்னும் அடிக்கல் நாட்டப்படவில்லை. டேனியர்கள் இருநூற்று இருபத்தைந்து ஆண்டுகள் ஆண்டு, 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அந்தச் சுறா அதன் பிறகும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடலடியில் நீந்திக்கொண்டிருந்தது.

அவசரமில்லாத வாழ்க்கை

இவ்வளவு காலம் வாழும் மீன் எப்படித்தான் வாழ்கிறது? எல்லாவற்றையும் மெதுவாகச் செய்து வாழ்கிறது என்பதுதான் சுருக்கமான விடை.

இதன் இருப்பிடம் பனிநீர். வடதுருவக் கடலின் நீர் பூச்சியம் பாகைக்கும் கீழே குளிர்ந்திருக்கும். உப்பு இருப்பதால் உறைவதில்லை. குளிர்காலத்தில் மேல்நீருக்கும் வரும் இச்சுறா, மற்ற காலங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் திரியும். 1857-இல் பொற்குவியலோடு மூழ்கிய ‘சென்ட்ரல் அமெரிக்கா’ என்ற கப்பலை 1988-இல் அமெரிக்கக் கரைக்கு அப்பால் கண்டுபிடித்து, கேமராக்களை இறக்கிப் பொன்னைத் தேடினார்கள். 2,200 மீட்டர் ஆழத்தில், கப்பலின் சிதைவுகளுக்கு அருகே, அந்தக் கேமராவின் முன்னால் இந்தச் சுறா சாவகாசமாகக் கடந்து சென்றது! 2022-இல் வெளியான ஓர் ஆய்வோ இன்னும் வியப்பானது. கரீபியக் கடலில், பவளப்பாறைகளுக்குப் பேர்பெற்ற பெலீஸ் நாட்டுக்கு அப்பால், மீனவர்களின் ஆழ்கடல் தூண்டிலில் இந்த இனத்தைச் சேர்ந்ததாகவோ கலப்பினமாகவோ கருதத்தக்க ஒரு சுறா அகப்பட்டது. வெப்பநாட்டுக் கடலில் பனிக்கடல் மீனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆயிரம் மீட்டருக்குக் கீழே பெரும்பாலான கடல்கள் குளிர்கடல்தான்.

அந்தக் குளிரில் உடலின் இயக்கம் முழுவதும் தணிந்துவிடுகிறது. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளின் அருகில் சுறாக்களின் உடலில் கருவி பொருத்தி 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றின் வழக்கமான வேகம் விநாடிக்கு 34 சென்டிமீட்டர். மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் கூட இல்லை. நடைபழகும் குழந்தையே இதை முந்திவிடும்! வாலை ஒருமுறை இப்படியும் அப்படியும் அசைத்து முடிக்க ஏழு விநாடி ஆகிறது. முழுமூச்சாக விரைந்தாலும் மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டரைச் சிறிதே தாண்டுகிறது.

இங்கேதான் புதிர். இதன் வயிற்றைப் பிளந்து பார்த்தால் மீன்களோடு சீல் என்னும் கடல்நாயின் இறைச்சியும் கிடக்கிறது. சீலோ நீரில் அம்பாகப் பாய்வது. நத்தை போன்றது அம்பைப் பிடித்தது எவ்வாறு? ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் இது: துருவக் கரடிக்கு அஞ்சிப் பனிப்பாளத்தின் மேல் உறங்காமல் நீரிலேயே உறங்கும் சீல்களை, ஓசையின்றி, அலையெழுப்பாமல் நெருங்கி இது கவ்விக்கொள்கிறது. மெதுவாகச் செல்வதே இதற்கு வேட்டைக் கருவி! செத்து மிதப்பவற்றையும் விடுவதில்லை. கலைமானின் எச்சங்களும், ஏன், துருவக் கரடியின் எச்சங்களும்கூட இதன் வயிற்றில் கிடைத்திருக்கின்றன. மேல்தாடைப் பற்கள் ஊசிபோல் கூர்மையானவை. இறைச்சியைக் குத்திப் பிடித்துக்கொள்ளும். கீழ்த்தாடைப் பற்கள் அகன்று, ஒன்றோடொன்று கோத்து, வாள்போல இருக்கும். கவ்வியபடி தலையைச் சுழற்றினால் வட்டமாக ஒரு துண்டு அறுந்து வந்துவிடும்.

இதன் கண்ணுக்கு ஒரு துன்பம் உண்டு. இறால் வகையோடு தூரத்து உறவுடைய ஒட்டுண்ணி ஒன்று, ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில், கருவிழியிலேயே பற்றிக்கொண்டு தொங்கும். பெரும்பாலான சுறாக்களின் இரு கண்களிலும் இது இருக்கும். விழியின் மேற்பரப்பில் தழும்பு விழுந்துவிடும். இதனால் இந்தச் சுறா முழுக் குருடு என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். விழித்திரையை ஆராய்ந்த அண்மைக்கால அறிஞர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். நூறாண்டைக் கடந்த சுறாக்களிலும் விழித்திரை சிதையாமல், மங்கிய ஒளியை உணரும் ஆற்றலோடு இருக்கிறதாம். நமக்கு நாற்பதிலேயே மூக்குக்கண்ணாடி வந்துவிடுகிறது! 2024-இல் இதன் மரபணுத் தொகுப்பும் வெளியிடப்பட்டது. அது மனிதனுடையதைப் போல் இருமடங்கு பெரியது. சேதமடையும் மரபணுவைச் செப்பனிடும் பணியில் ஈடுபட்ட மரபணுக்கள் இதில் மிகுதியாகப் பெருகியிருக்கின்றன. நீண்ட ஆயுளின் மறைபொருள் அங்கே இருக்கலாம் என்று கருதுகிறார்கள். குளிர் மட்டுமே காரணம் என்றால் அந்தக் கடலின் மற்ற மீன்களும் நானூறு ஆண்டு வாழ வேண்டுமே!

இறைச்சியும் எண்ணெயும்

நம் வீட்டுப் பெண்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று: சுறாவை வாங்கி நேரம் கடத்தினால் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை அடிக்கத் தொடங்கும். புட்டு அவிப்பதாயினும் குழம்பு வைப்பதாயினும் புதிதாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். சுறாக்கள் தம் உடலில் யூரியா என்னும் வேதிப்பொருளைத் தேக்கி வைத்திருப்பதே இதற்குக் காரணம். கடலின் உப்புநீர் உடலிலுள்ள நீரை உறிஞ்சிவிடாமல் அது காக்கிறது. கிரீன்லாந்துச் சுறாவின் தசையில் யூரியாவோடு, ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்க உதவும் இன்னொரு வேதிப்பொருளும் ஏராளமாக இருக்கிறது. அதைப் புதிதாக உண்டால் வயிற்றுக்குள் நஞ்சாக மாறிவிடும். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் இந்த இறைச்சியைத் தின்றுவிட்டு, நிற்க முடியாமல் தள்ளாடி விழுவதைக் கிரீன்லாந்து மக்கள் கண்டிருக்கிறார்கள்.

அப்படியும் மனிதன் விட்டானா? ஐஸ்லாந்து மக்கள் இந்த இறைச்சியைச் சரளைக் கற்களுக்கடியில் வாரக்கணக்கில் புதைத்து, நஞ்சுநீர் வடிந்தபின் எடுத்து, கொட்டகையில் மாதக்கணக்கில் காற்றாடத் தொங்கவிட்டு, ‘ஹௌகார்ட்ல்’ என்ற பெயரில் உண்கிறார்கள். பயிர் விளையாத பனிநாட்டில் பசிக்குக் கண்ட வழி அது. அதன் வாடையைப் பற்றி அங்கே சென்று வந்தவர்கள் எழுதியிருப்பவற்றைக் குடும்பப் பத்திரிகையில் எடுத்துக் கூறாமலிருப்பதே நன்று.

மீனை அழிவுக்கு இழுத்துச் சென்றது இறைச்சியன்று, ஈரல். மற்ற மீன்களுக்கு இருப்பது போல் சுறாக்களுக்குக் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே அவற்றை மூழ்காமல் தாங்குகிறது. மண்ணெண்ணெயும் மின்சாரமும் வராத காலத்தில் ஐரோப்பாவின் விளக்குகள் எரிய அந்த எண்ணெய் பயன்பட்டது. ஐஸ்லாந்து, நார்வே, கிரீன்லாந்துக் கடல்களில் ஈரலுக்காகவே இவற்றை ஆண்டுதோறும் வேட்டையாடினார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மலிவான மாற்று எண்ணெய்கள் வந்தபின்புதான் அந்த வேட்டை ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும், வலையிலுள்ள மீன்களைத் தின்று கெடுக்கிறது என்று சொல்லி 1970-களில் இதைக் கொல்வதற்கு நார்வே அரசு மானியம் கொடுத்தது.

அப்போது கொன்றவர்களுக்கும் கொல்லச் சொன்னவர்களுக்கும் ஒரு செய்தி தெரியாது. 2016-ஆம் ஆண்டு ஆய்வில் வயதைவிடவும் கவலை தருவது அதுதான். பெண் சுறா ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளத்தை எட்டினால்தான் கருவுறும் பருவத்தை அடைகிறது. அந்த நீளத்தை எட்ட அதற்கு ஆகும் காலம் சுமார் 150 ஆண்டுகள்! நாம் ஒன்றரை நூற்றாண்டில் ஐந்தாறு தலைமுறை காண்கிறோம். அது அப்போதுதான் முதல் தலைமுறைக்கு ஆயத்தமாகிறது. கருவுற்ற தாய்ச்சுறா ஒன்று அறிவியலாரின் பார்வைக்குக் கிடைத்தது 1950-களில், பேரோ தீவுகளின் அருகில். வயிற்றில் பத்துக் குட்டிகள் இருந்தன. இந்தச் சுறா முட்டையை வெளியே இடுவதில்லை. குட்டிகள் உள்ளேயே பொரிந்து, முப்பத்தைந்து நாற்பது சென்டிமீட்டர் நீளம் வளர்ந்து பிறக்கின்றன. அந்தப் பிறப்பை இதுவரை எவரும் கண்ணால் கண்டதில்லை.

ஒரு மீனவர் வலையில் நெத்திலியோ மத்தியோ அளவுக்கு மீறி அள்ளப்பட்டால், சில ஆண்டுகள் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும். கடல் அதை நிரப்பிவிடும். ஒரு கிரீன்லாந்துத் தாய்ச்சுறா செத்தால் அந்த இடம் நிரம்ப ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். இன்று இதைக் குறிவைத்துப் பிடிப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் ஹாலிபட் என்னும் பெரிய தட்டைமீனுக்காகவும் இறாலுக்காகவும் வடகடலில் இழுக்கப்படும் வலைகளிலும் நெடுந்தூண்டில்களிலும் இது தானாக வந்து சிக்கிக்கொள்கிறது. தூண்டில் கயிற்றில் மாட்டியதும் உருண்டு புரண்டு, கயிறு முழுவதையும் உடலில் சுற்றிக்கொள்வது இதன் பழக்கம். கயிற்றை இழக்க விரும்பாதவர்கள் மீனை வெட்டுகிறார்கள். பனி உருகி வடகடலில் புதிய மீன்பிடித் தலங்கள் திறக்கத் திறக்க, இந்த இடர் வளரத்தான் செய்யும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-இல் இந்த இனத்தை அழிவுக்கு இலக்காகக்கூடியது என்று வகைப்படுத்தியது. வடமேற்கு அட்லாண்டிக்கில் மீன்பிடியை நெறிப்படுத்தும் நாடுகளின் அமைப்பு, தன் எல்லைக்குட்பட்ட சர்வதேசக் கடற்பரப்பில் பிடிபடும் கிரீன்லாந்துச் சுறாவைக் கப்பலில் வைத்துக்கொள்ளவே கூடாது என்று 2022-இல் தடை விதித்தது.

அதே 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வால் கரையோரம், நியூலின் துறைமுகத்துக்கு அருகே இந்த இனத்தைச் சேர்ந்த சுறா ஒன்று செத்து ஒதுங்கிற்று. பெண் சுறா, நான்கு மீட்டருக்குச் சற்றே குறைவு, எடை 285 கிலோ. கால்நடை மருத்துவர்கள் அறுத்து ஆராய்ந்தபோது மூளையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி கண்டிருந்தது. இந்த இனத்தில் மூளையுறை அழற்சி கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. வயதைக் கணித்தார்கள். ஏறத்தாழ நூறு. அறிக்கையில் வயதுக்கு எதிரே அவர்கள் எழுதியது: ‘பருவமடையாத இளஞ்சுறா.’